அயர்லாந்தில் விஸ்கி, கருப்பு பீர், மேற்குக் கரை: சிறு குழுப் பயணத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நண்பர்கள் நால்வர் செப்டம்பரில் ஒன்பது நாட்கள் அயர்லாந்து செல்ல விரும்புகிறீர்கள். விஸ்கியும் கருப்பு பீரும் உருவாகும் இடங்களையும் மேற்குக் கடற்கரையையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும். பதினாறு பேருக்கு மேற்படாத ஒரு குழுவில் சேர்வதா, வாடகைக் கார் எடுப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. கையில் இருக்கும் ஒரு திட்டம் பதினொரு ஆலைகளைக் காட்டுவதாகச் சொல்கிறது. உங்களில் ஒருவர் மது அருந்துவதில்லை.

குழுவில் சேருங்கள், ஆனால் அந்தப் பதினொரு ஆலைத் திட்டத்தில் சேர வேண்டாம். ஒன்பது நாட்களுக்கு ஐந்து அல்லது ஆறு ஆலைகள் தாராளமாகப் போதும். அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டவையாக இருப்பதும், ஒரு மது ஏன் அந்த ஊரில் பிறந்தது என்பதை வழியில் பார்க்கும் நிலமே உங்களுக்குச் சொல்லும்படி பாதை அமைவதும்தான் முக்கியம்.

முதலில் காரைப் பற்றி. அயர்லாந்துக் குடியரசில் சாதாரண ஓட்டுநருக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்; புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் தொழில்முறை ஓட்டுநர்களுக்கும் அது 20 மில்லிகிராம்தான். அங்கே ஒரு பைண்ட் என்பது 568 மில்லிலிட்டர், 4.2 சதவீத ஸ்டவுட் (கருப்பு பீர்) ஒரு பைண்டில் ஏறத்தாழ 19 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. பப்பில் ஊற்றும் ஒரு விஸ்கி அளவு 35.5 மில்லிலிட்டர், அதில் 11 கிராம். ஆலைகளில் சுவைபார்க்கும் அமர்வு என்றால் மூன்று நான்கு வகைகள் முன்னால் வைக்கப்படும். ஆகவே ஓட்டுபவர் எதையும் தொடாமல் இருப்பதுதான் சரி. மது அருந்தாத நண்பர் ஓட்டட்டும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவரும் விடுமுறைக்குத்தான் வருகிறார். மேற்குக் கரையின் சாலைகள் கல்சுவர்களுக்கும் வேலிப்புதர்களுக்கும் இடையே ஒடுங்கியவை. எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் பின்வாங்கியே தீர வேண்டும். அந்தச் சாலைகளில் ஒன்பது நாட்கள் ஓட்டுபவருக்குக் கடலைப் பார்க்க நேரமே கிடைக்காது.

ஐம்பது பேர் பேருந்தும் இதற்குத் தீர்வு இல்லை. தென்மேற்கின் கெர்ரி வளையச் சாலையில் பெரிய பேருந்துகள் எதிரெதிரே மாட்டிக்கொள்ளாமல் இருக்க எல்லாம் இடஞ்சுழியாகவே செல்கின்றன. அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே கூட்டத்தோடு நிற்க நேரிடும். பதினாறு பேர் வேனில் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் இல்லை. சிறிய ஆலைகளும் அந்த அளவுக் குழுவைத்தான் நிம்மதியாக உள்ளே அழைத்துச் செல்ல முடியும். ஆனால் வேனுக்கும் எல்லை உண்டு. டிங்கிள் தீபகற்பத்தின் கானர் கணவாய்ச் சாலையில் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. பயணிகள் வேன் அந்த எடையைத் தாண்டிவிடும். வேனில் அந்தக் கணவாயைக் கடப்போம் என்று ஒரு நிறுவனம் எழுதியிருந்தால், அந்தத் திட்டத்தை வரைந்தவர் அந்தச் சாலையை அறியாதவர் என்று கொள்ளலாம்.

பதினொரு ஆலைகள் ஏன் வேண்டாம் என்கிறேன்? விஸ்கி வடிக்கும் முறை எங்கும் அடிப்படையில் ஒன்றே. பார்லியை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாற்றை எடுத்து, ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டு, செம்புக் கலன்களில் காய்ச்சி வடித்து, மரப்பீப்பாய்களில் அடைத்து வைப்பார்கள். அயர்லாந்துச் சட்டப்படி குறைந்தது மூன்று ஆண்டுகள் மரத்தில் இருந்தால்தான் அதற்கு விஸ்கி என்ற பெயர். இதை வழிகாட்டி முதல் முறை சொல்லும்போது ஆர்வமாகக் கேட்பீர்கள். நான்காவது முறை கேட்கும்போது மனம் வெளியே போய்விடும், நாக்கும் அதற்குள் களைத்திருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். புகழ்பெற்ற சில இடங்களில் இன்று உற்பத்தியே நடப்பதில்லை. டப்ளின் போ தெருவில் இருக்கும் ஜேம்சன் விஸ்கிக் கட்டடத்தில் 1971-லேயே வடிப்பு நின்றுவிட்டது. கில்கென்னியின் ஸ்மித்விக்ஸ் பீர் ஆலை 2013-இல் மூடப்பட்டு, இப்போது காட்சிக்கூடமாக மட்டும் இருக்கிறது. காட்சிக்கூடம் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு பயணத்தில் ஒன்றிரண்டுக்கு மேல் கூடாது. மற்றவை, உள்ளே நுழைந்ததும் நொதியின் புளிப்பு மணமும் கலன்களின் வெப்பமும் முகத்தில் அடிக்கும் இடங்களாக இருக்கட்டும்.

இனி வழி. டப்ளினில் தொடங்கித் தெற்கே இறங்கி, மேற்குக் கரையில் ஏறி, நடுநாட்டின் வழியாகத் திரும்பும் வட்டத்தையே நான் பரிந்துரைப்பேன்.

டப்ளினில் இரண்டு இரவுகள். செயின்ட் ஜேம்ஸ் கேட்டில், இன்று கருப்பு பீருக்குப் பெயர்பெற்ற கின்னஸ் ஆலையின் இடத்தை, ஆர்தர் கின்னஸ் 1759-இல், ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில், 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை எழுதி வாங்கினார். பார்வையாளர்களுக்கான ஸ்டோர்ஹவுஸ் 1904-இல் நொதிப்புக் கூடமாகக் கட்டப்பட்டு 2000-இல் காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்ட ஏழு மாடிக் கட்டடம். பீர் காய்ச்சுவதை அங்கே நேரில் பார்க்க முடியாது. இருந்தும் நான் அதை விடச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த ஆலையின் கதை ஒரு பானத்தின் கதையைவிடப் பெரியது. புள்ளியியல் படித்த எவரும் அறிந்த டி-சோதனை அங்கேதான் பிறந்தது: ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட், சிறிய மாதிரிகளிலிருந்து நம்பத்தக்க முடிவுக்கு வருவது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடி, 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அந்தக் கட்டுரையை வெளியிட்டார். கின்னஸின் வெண்ணெய் போன்ற நுரையும் ஆய்வில் பிறந்ததுதான். 1959-இல் மைக்கேல் ஆஷ் என்ற கணிதவியலாளரின் தலைமையில், கரியமில வாயுவோடு நைட்ரஜனையும் சேர்த்து ஊற்றும் முறையை உருவாக்கினார்கள். நைட்ரஜன் திரவத்தில் எளிதில் கரையாது. அதனால் குமிழிகள் மிகச் சிறியவையாக, நெடுநேரம் நிற்பவையாக அமைகின்றன. கருப்பு நிறமும் காப்பி போன்ற கசப்பும் வறுத்த பார்லியிலிருந்து வருகின்றன. சைவ உணவினர் கவனத்துக்கு: பீரைத் தெளியவைக்க முன்பு பயன்படுத்திய மீன் பசையை அந்த ஆலை கைவிட்டுவிட்டது.

ஸ்டோர்ஹவுஸிலிருந்து வெளியே வந்ததும் வேனில் ஏறாதீர்கள். லிபர்ட்டீஸ் என்னும் அந்தப் பகுதியை நடந்தே பாருங்கள். ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட ஐரிஷ் விஸ்கியின் தலைநகரம் அது. தாமஸ் தெருவில் உள்ள தேசியக் கலை வடிவமைப்புக் கல்லூரி, 1791-இல் தொடங்கிய பவர்ஸ் வடிசாலை நின்ற இடம். அதன் மூன்று பழைய செம்புக் கலன்கள் இன்றும் வளாகத்திலேயே நிற்கின்றன. 1875 ஜூனில் இங்கே ஒரு கிடங்கு தீப்பிடித்து, எரியும் விஸ்கி தெருக்களில் ஆறாக ஓடியது. அந்த விபத்தில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரும் தீயிலோ புகையிலோ சாகவில்லை, எல்லோரும் தெருவில் ஓடிய கலப்படமற்ற சாராயத்தை அள்ளிக் குடித்து மாண்டவர்கள். அதே பகுதியில் 2015-இல் திறந்த டீலிங், டப்ளினில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் எழுந்த முதல் புதிய வடிசாலை. அங்கே உண்மையில் வடிக்கிறார்கள். உங்கள் முதல் விஸ்கி ஆலையாக அதையே வைத்துக்கொள்ளுங்கள். செய்முறை விளக்கத்தை அங்கே முழுமையாகக் கேட்டுவிட்டால், பிற இடங்களில் வேறுபாட்டை மட்டும் கவனிக்கலாம்.

தெற்கே செல்லும் வழியில் விக்லோ மலைகள். கின்னஸ் காய்ச்சும் தண்ணீர் டப்ளின் நடுவே ஓடும் லிஃபி ஆற்றிலிருந்து வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது இந்த மலைகளிலிருந்து வருகிறது. சாலி கேப் சாலையில் நின்று கீழே பார்த்தால் லாக் டே ஏரி தெரியும்: கரிய நீர், ஒரு முனையில் வெண்மணல் கரை. முன்பு கின்னஸ் குடும்பத்தாரிடம் இருந்த தோட்டத்துக்குள் அமைந்த ஏரி என்பதாலும், அந்த நிறங்களாலும், மக்கள் அதைக் கின்னஸ் ஏரி என்றே அழைக்கிறார்கள். அருகே கிளென்டலாக் பள்ளத்தாக்கின் பழைய மடாலயமும் வட்டக் கோபுரமும் இருக்கின்றன. அரை நாள் அங்கே தங்கலாம். பிறகு கில்கென்னி, மதிய உணவுக்கு.

இந்தப் பயணத்தில் நான் மிகவும் வற்புறுத்தும் இடம் கார்க் நகருக்குக் கிழக்கே உள்ள மிடில்டன். மர்ஃபி சகோதரர்கள் 1825-இல் தொடங்கிய அந்தப் பழைய வடிசாலையில் உலகின் மிகப் பெரிய பாட் ஸ்டில், அதாவது பானை வடிவச் செம்பு வடிகலன், நிற்கிறது. அதன் கொள்ளளவு 31,648 காலன், அதாவது ஏறத்தாழ 1.4 லட்சம் லிட்டர். ஆனால் அளவுக்காக அங்கே போகச் சொல்லவில்லை. அயர்லாந்துக்கே உரிய ‘சிங்கிள் பாட் ஸ்டில்’ வகையைப் புரிந்துகொள்ள அதுதான் சரியான இடம். 18-ஆம் நூற்றாண்டில் முளைகட்டிய பார்லிக்கு அரசு வரி விதித்தபோது, ஐரிஷ்காரர்கள் முளைகட்டாத பச்சைப் பார்லியையும் கலந்து வடிக்கத் தொடங்கினார்கள். வரியைக் குறைக்கச் செய்த அந்தக் கலவை, நாக்கில் எண்ணெய் போல் படியும், மிளகும் மசாலாவும் மணக்கும் ஒரு தனிச் சுவையைக் கொடுத்தது. இன்றைய விதிப்படி அந்த வகையில் முளைகட்டிய பார்லி 30 சதவீதமும், முளைகட்டாதது 30 சதவீதமும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும்.

இந்தத் தொழில் விழுந்த கதையும் மிடில்டனில்தான் முழுமையாக விளங்கும். கலால் அதிகாரியாக இருந்த ஏனியஸ் காஃபி என்ற ஐரிஷ்காரர் 1830-இல் தொடர்ந்து வடிக்கும் தூண் வடிவக் கலனுக்குக் காப்புரிமை பெற்றார். டப்ளினின் பெரிய ஆலைகள் அதை ஏற்க மறுத்தன. ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு, மலிவான கலப்பு விஸ்கியால் உலகை நிறைத்தார்கள். பின்னர் விடுதலைப் போர், அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு, பிரிட்டனோடு வணிகப் போர் என அடிமேல் அடி விழுந்தது. 1966-இல் ஜேம்சன், பவர்ஸ், கார்க் நிறுவனம் ஆகிய மூன்றும் உயிர் பிழைக்க ஒன்றாக இணைந்தன. 1975-இல் உற்பத்தி முழுவதும் மிடில்டனின் புதிய ஆலைக்கு மாறியது. அந்தக் காலத்தில் தீவு முழுவதிலும் மிஞ்சியவை இரண்டே வடிசாலைகள்: தெற்கே மிடில்டன், வடக்கே புஷ்மில்ஸ். இன்று நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. அந்த இரவைக் கார்க்கில் கழித்தால், கின்னஸைக் கேட்காமல், அந்த நகரத்துப் பெயர்களான மர்ஃபிஸ் அல்லது பீமிஷ் ஸ்டவுட்டைக் கேளுங்கள். ஊர்க்காரர் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

அடுத்து டிங்கிள், குறைந்தது இரண்டு இரவுகள். இதை ஓர் இரவாகச் சுருக்கும் எந்தத் திட்டத்தையும் நான் ஏற்க மாட்டேன். ஸ்லே ஹெட் சாலையில் காலையிலேயே புறப்பட்டால், கூட்டம் வருமுன் பிளாஸ்கெட் தீவுகளை எதிரே நின்று பார்க்கலாம். 1953-இல் கடைசிக் குடிகள் வெளியேற்றப்பட்ட பின் அங்கே நிலையான குடியிருப்பு இல்லை. பிற்பகலில் டிங்கிள் வடிசாலை. டப்ளினில் 1996-இல் போர்ட்டர்ஹவுஸ் என்ற சிறு பீர் ஆலையைத் தொடங்கியவர்களே இதையும் நிறுவி, 2012 டிசம்பரில் முதல் பீப்பாய்களை நிரப்பினார்கள். மிடில்டனின் பேரளவைப் பார்த்த கண்ணுக்கு, மூன்றே செம்புக் கலன்களோடு இயங்கும் இந்தக் கூடம் அதே தொழிலின் மறுமுனையைக் காட்டும். ஈரமான, அதிக வெப்பமோ குளிரோ இல்லாத அட்லாண்டிக் காற்றில் பீப்பாய்கள் மெதுவாக முதிர்வதை அங்கே விளக்கமாகச் சொல்வார்கள். மாலையில் பப். அங்கே குழுவாகச் செல்பவர்கள் முறைவைத்து எல்லோருக்கும் வாங்குவது வழக்கம். உங்கள் முறை வரும்போது தயங்காமல் எழுந்து செல்லுங்கள். சமையலறை இரவு ஒன்பது மணிவாக்கில் மூடிவிடும், இசையோ அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். ஆகவே முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.

டிங்கிளிலிருந்து வடக்கே செல்ல லிமெரிக் சுற்றிப் போகாமல், டார்பர்ட்டில் ஷானன் ஆற்று முகத்துவாரத்தைப் படகில் இருபது நிமிடத்தில் கடக்கும் திட்டத்தைத் தேடுங்கள். மோஹர் பாறைகள் உயர்ந்த இடத்தில் 214 மீட்டர் செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. டப்ளினிலிருந்து ஒரு நாள் பயணமாக வரும் பேருந்துகள் நண்பகலை ஒட்டிக் குவியும். மாலை ஐந்துக்கு மேல் போங்கள். பக்கத்துப் பர்ரென் என்பது கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல்நிறச் சுண்ணாம்புப் பாறை, பிளவுகளில் மட்டும் செடி. இங்கே நின்று பார்த்தால் ஒன்று விளங்கும்: பார்லி நன்றாக விளைவது கிழக்கிலும் தெற்கிலும்தான், பெரிய ஆலைகளும் அங்கேதான் எழுந்தன. மேற்கின் ஏழை நிலத்தில் வளர்ந்தது, கலால்காரர் கண்ணுக்கு மறைவாக மலையிடுக்குகளில் காய்ச்சிய போட்டீன் என்னும் நாட்டுச் சாராயம். 1661-இலிருந்து குற்றமாக இருந்த அது 1997-இல்தான் சட்டப்படி விற்பனைக்கு வந்தது. கால்வே நகரின் மிசில் வடிசாலையில் அதை முறையாக வடித்துத் தருகிறார்கள். சிறிய இடம், ஒரு மணி நேரம் போதும். அந்தப் பாறை நிலத்தைப் பார்த்த மறுநாள் போனால் அந்த ஒரு மணி நேரமே நிறைவாக இருக்கும்.

திரும்பும் வழியில் கில்பெகன். 1757-இல் உரிமம் பெற்ற இந்த வடிசாலை 1953-இல் வடிப்பதை நிறுத்தியது. 1982-இல் ஊர்மக்கள் சங்கம் அமைத்து, தாங்களே பணம் திரட்டி, கட்டடத்தைச் செப்பனிட்டுக் காப்பாற்றினார்கள். அதன் 250-ஆவது ஆண்டான 2007-இல் கலன்கள் மீண்டும் சூடேறின. நீர்ச்சக்கரமும், 19-ஆம் நூற்றாண்டு நீராவி எந்திரமும் இன்னும் இருக்கின்றன. பெருநிறுவனங்களின் பளபளப்பான கூடங்களைவிட இந்த ஊர் என் மனதுக்கு நெருக்கமானது. உங்கள் பதினொரு ஆலைத் திட்டத்தில் இது இல்லை என்பதே அந்தத் திட்டத்தை நான் ஐயுறுவதற்கு இன்னொரு காரணம்.

வடக்கே இருக்கும் புஷ்மில்ஸை விட்டுவிட்டீர்களே என்று கேட்பீர்கள். அது அருமையான இடம். அந்தப் பகுதியில் வடிக்க முதலாம் ஜேம்ஸ் மன்னர் அளித்த உரிமம் 1608-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிறுவனம் பதிவானது 1784-இல். அதன் தண்ணீர் எரிமலைப் பாறைகள் மீது ஓடிவருகிறது. அதே பாறைதான் சற்றுத் தொலைவில் ஜயன்ட்ஸ் காஸ்வேயில் பெரும்பாலும் அறுகோணமான சுமார் 40,000 தூண்களாகக் கடலுக்குள் இறங்குகிறது. ஆனால் ஒன்பது நாட்களில் தென்மேற்கையும் இதையும் சேர்த்தால் இரண்டும் கெடும். மேலும் இரண்டு நாட்கள் இருந்தால் சேருங்கள். அப்போது ஒன்றை மறக்கக் கூடாது: வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது, ஆனால் விசா விதி உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, இரு நாடுகளுக்கும் செல்லும் பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டத்தின் முத்திரை விசாவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் விசா இரண்டு நாடுகளிலுமே செல்லாது.

மது அருந்தாத நண்பருக்காகத் தயங்க வேண்டாம். 1838-இல் கார்க்கில் பாதிரியார் தியோபால்ட் மேத்யூ தொடங்கிய மதுவிலக்கு உறுதிமொழி இயக்கத்தில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். கார்க்கின் முதன்மைத் தெருவில் அவருக்குச் சிலை இருக்கிறது. குடிக்காதவரை அங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. ஆல்கஹால் இல்லாத கின்னஸ் இப்போது மிகப் பல பப்களில் கிடைக்கிறது. சுவைபார்க்கும் அமர்வில் அவருக்கு மாற்றுப் பானம் தருவார்களா, நுழைவுக் கட்டணம் குறையுமா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஒரு நாளில் எத்தனை ஆலைகள், எத்தனை மணி நேரம் சாலையில்? ஓட்டுநரே வழிகாட்டியா, தனி வழிகாட்டி உண்டா? சுவைபார்க்கும் கட்டணமும் உணவும் தொகைக்குள் அடங்குமா? ஒவ்வோர் இடத்திலும் உற்பத்தி நடக்கிறதா? பல ஆலைகள் ஆண்டில் சில வாரங்கள் பராமரிப்புக்காக வடிப்பை நிறுத்துவது வழக்கம், அந்த நாட்கள் உங்கள் தேதியோடு மோதுகின்றனவா? இந்தக் கடைசிக் கேள்வி இப்போது முன்னைவிட அவசியமாகிவிட்டது. புதிய வடிசாலைகள் வேகமாகப் பெருகிய பின் விற்பனை அதே வேகத்தில் வளரவில்லை. பார்லி விளைந்த வயலையே சுவையின் அடையாளமாக்க முயன்ற வாட்டர்ஃபோர்டு வடிசாலை 2024 நவம்பரில் கடன் நிர்வாகத்தின் கீழ் சென்றுவிட்டது. ஆகவே ‘ஒரு கைவினை வடிசாலை’ என்று பொதுவாக எழுதியிருப்பதை ஏற்காமல், ஒவ்வோர் ஆலையின் பெயரையும், அது மூடியிருந்தால் பதிலாக எங்கே அழைத்துச் செல்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் செலுத்துங்கள்.